எதிர்பாராமல் சிக்கும் மீன்

குளிர்நாடுகளில் குளிர்காலம் பிறந்ததும் தூண்டில்காரர்களின் கருவிகள் சிறுத்துவிடுகின்றன. பின்லாந்திலும் கனடாவிலும் ஏரிகளின் மேற்பரப்பு உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியில் துளையிட்டு, குட்டையான கோலையும் மெல்லிய நரம்பையும் வைத்துக்கொண்டு மக்கள் மீன் பிடிப்பார்கள். பெரிய கருவிகளை ஒதுக்கி வைப்பதற்குக் காரணம் மீனின் உடல்தான். மீனின் உடல் வெப்பம் அது வாழும் நீரின் வெப்பத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். நீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. ஆகையால், மேலே பனிக்கட்டி மூடியிருந்தாலும், ஏரியின் அடியில் ஏறக்குறைய அந்த வெப்பநிலையில் நீர் தங்கியிருக்கும். அங்கே மீன்கள் சோம்பிக் கிடக்கும், குறைவாக உண்ணும், பெரிய இரையைத் துரத்தி ஓடமாட்டா. சின்ன முள், சின்ன இரை, எளிதில் கண்ணுக்குப் புலப்படாத நரம்பு ஆகியவை இருந்தால்தான் அவற்றை ஏமாற்ற முடியும். கையளவு மீனுக்காகக் காத்திருப்பவரின் நரம்பைச் சில வேளைகளில் ‘பைக்’ என்னும் பெரிய வேட்டை மீன் பற்றி இழுத்துவிடும். குளிர்காலத் தூண்டிலின் சுவையே அந்த இழுப்பில்தான் இருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் குளிர்காலம் இல்லை. இங்குள்ள ஏரிநீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. ஆனாலும், நவம்பர் மாதத்தில் கோலாலம்பூரில் மாலைதோறும் மழை கொட்டும்போது நீரின் மேற்பரப்பு சற்றுக் குளிர்கிறது. கால்வாய்கள் மண்புழுவையும் பூச்சிகளையும் அடித்துக்கொண்டு வந்து ஏரியில் சேர்க்கின்றன. கால்வாய் வாயில் மீன்கள் கூடுகின்றன. அப்போது தூண்டிலோடு குடையையும் தூக்கிக்கொண்டு வருபவர்களை எந்த ஏரிக்கரையிலும் காணலாம். அவர்களில் இளையோர் பலர் இன்று கையில் வைத்திருப்பது ‘அல்ட்ராலைட்’ எனப்படும் மெல்லிய தூண்டில். குளிர்நாட்டில் தேவையால் பிறந்த மெல்லிய நரம்பு, இங்கே விளையாட்டாக வந்து சேர்ந்திருக்கிறது.

அந்த விளையாட்டில் நுட்பம் உண்டு. 4 பவுண்டு நரம்பு என்றால் அது ஏறக்குறைய 1.8 கிலோகிராம் இழுப்பைத் தாங்கும் என்று பொருள். அதைக் கொண்டு 4 கிலோகிராம் மீனையும் கரைசேர்க்கலாம். மீன் நீரில் மிதப்பதால் அதன் எடை நரம்பின்மேல் விழுவதில்லை. அது திமிறி ஓடும் விசை மட்டுமே விழுகிறது. அந்த விசையைக் கோல் வளைந்து வாங்கிக்கொள்கிறது. ரீலில் உள்ள ஒரு திருகை, நரம்பின் வலிமையில் மூன்றில் ஒரு பங்குக்கோ நான்கில் ஒரு பங்குக்கோ தளர்த்தி வைத்தால், மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துபோகாமல் கழன்று ஓடும். பொறுமையற்றவர் திருகை இறுக்குவார், நரம்பு அறும், முள்ளோடு மீன் போய்விடும். தூண்டில்காரனுக்கு மிதப்பிலே கண் என்பது பழமொழி. மெல்லிய தூண்டில் பிடிப்பவருக்கோ கண்ணைவிட விரல்நுனியே முதன்மையானது.

ஆயினும், இங்கே எதிர்பாராமல் ஒரு மீன் சிக்கும்போது, ‘எவ்வளவு பெரியது?’ என்ற கேள்வியோடு மட்டும் நின்றுவிடுவது போதாது. ‘இது எப்படி இங்கே வந்தது?’ என்றும் கேட்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் நீர்நிலைகளுக்கு அந்தக் கேள்வி மிகவும் பொருந்தும். ஏனெனில், இங்குள்ள ஏரிகள் பலவும் இயற்கையாக உண்டானவை அல்ல. 1857-இல் ஈயம் தேடி வந்தவர்கள் அம்பாங் பகுதியில் மண்ணைத் தோண்டத் தொடங்கினர். அதிலிருந்துதான் கோலாலம்பூர் பிறந்தது. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சிலாங்கூர் மண் தோண்டப்பட்டது. 1985-இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தபோது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மழைநீர் நிரம்பி அவை ஈயக் குட்டைகளாயின. பிறகு அவற்றுள் சில பூங்கா ஏரிகளாயின. சில வீடமைப்புப் பகுதிகளுக்கு நடுவே காட்சிப் பொருளாயின. மனிதர் தோண்டிய குழியில் உள்ள ஒவ்வொரு மீனும் எங்கிருந்தோ வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

சில மீன்கள் தாமாகவே வந்தன. ஹருவான் என்று மலாயில் வழங்கும் விரால், காற்றைச் சுவாசிக்கும். மழைக்காலத்தில் ஈரநிலத்தின்மேல் நெளிந்து அடுத்த குட்டைக்குப் போகும். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அதைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் மலேசிய இல்லங்களில் இன்றும் உள்ளது. புயூ என்னும் பனையேறிக் கெண்டையும் அத்தகைய பயணிதான். தமிழகத்துத் தரங்கம்பாடியில் அந்த மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டென்மார்க் நாட்டு அதிகாரி டால்டோர்ஃப் எழுதிய குறிப்பு 1797-இல் இலண்டனில் வெளியானது. அது உண்மையாகவே மரம் ஏறுமா என்பதில் அறிஞர்களுக்கு ஐயம் உண்டு. ஆனால், தரையில் நகரும் என்பதில் ஐயமில்லை.

மற்றவை மனிதர் கையால் வந்தவை. திலாப்பியா ஆப்பிரிக்க மீன். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், அது ஜாவாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்துப் பாதுகாப்பதால் வெகுவேகமாகப் பெருகியது. பீக்கோக் பாஸ் தென்னமெரிக்க மீன். அலங்கார மீன் வணிகத்தின் வழியாக வந்தது. மஞ்சள் உடலும் வாலில் மயில்கண் போன்ற புள்ளியும் கொண்ட அது, மெல்லிய தூண்டிலில் மூர்க்கமாக இழுக்கும். பண்டாராயா மீனும் அவ்வழியே வந்ததுதான். மலாயில் ‘பண்டாராயா’ என்றால் மாநகர். மீன்தொட்டியின் பாசியைத் தின்று சுத்தம் செய்வதால், மாநகரத் துப்புரவுப் பணியாளரை நினைத்து மக்கள் இட்ட பெயர் இது. கடையில் விரல் நீளம் இருக்கும் அந்தக் குஞ்சு, வளர்ந்தால் 40 சென்டிமீட்டரைத் தாண்டும். தொட்டி போதாது என்றதும் பலர் அதைக் கால்வாயில் விட்டுவிடுகிறார்கள். ஆற்றில் அது கரையைக் குடைந்து வளை தோண்டி முட்டையிடுகிறது, கரைமண் சரிகிறது. எலும்புக் கவசம் போர்த்திய அதன் உடலைத் தின்ன இங்குள்ள மீன்கள் எளிதில் முன்வருவதில்லை. சிலாங்கூரில் தன்னார்வலர்கள் லங்காட் ஆற்றில் இறங்கி இந்த மீன்களை வேட்டையாடி அகற்றி வருகின்றனர். அவர்கள் கையில் பிடிப்பதைவிட விரைவாக அவை பெருகுகின்றன என்பதுதான் வருத்தத்துக்குரிய உண்மை.

வெளிநாட்டு மீன் என்பதற்காகவே வெறுக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வி. இலங்கையில் 1952-இல் நீர்த்தேக்கங்களுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, இன்று வறண்ட பகுதிகளின் ஏழைகளுக்கு மலிவான புரதம் தருகிறது. மலேசியச் சந்தைகளிலும் திலாப்பியா குளத்தில் வளர்த்து விற்கப்படும் நல்ல உணவு. ஆனால், ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950-களில் விடப்பட்ட நைல் பேர்ச் மீன், அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறுமீன் இனங்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. பல இனங்கள் மறைந்தேவிட்டன. ஒரு மீனை ஏரியில் விட்ட முடிவு இப்படித் தவறக்கூடும் என்றால், இரவில் ஒருவர் வாளியோடு வந்து ஏரியில் கவிழ்த்துவிட்டுப் போவதை என்னவென்று சொல்வது? இரக்கத்தால் விடுகிறார்கள், புண்ணியம் கருதி விடுகிறார்கள், பிறகு பிடித்து விளையாடலாம் என்றும் விடுகிறார்கள். நோக்கம் வெவ்வேறு, ஏரிக்கு விளைவு ஒன்றே.

அது அந்த ஏரியோடும் நிற்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்பை ஒட்டி ஓடும் கிள்ளான் ஆறு, ஷா ஆலம், கிள்ளான் வழியாக மலாக்கா நீரிணையில் கலக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் கால்வாயில் விடப்படும் மீனுக்குக் கிள்ளான்வரை வழி திறந்தே இருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலமும் கிள்ளானும் வெள்ளத்தில் மூழ்கியதை மலேசியர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய வெள்ளம் குளம், ஆறு, கால்வாய் என்ற வேறுபாட்டையே அழித்துவிடும். தனித்தனியே இருந்த மீன்களையெல்லாம் ஒரே நீரில் சேர்த்துவிடும்.

இதற்கிடையே, எதிர்பாராத மீனைக் காசுக்கு விற்கும் இடங்களும் பெருகியுள்ளன. கட்டணக் குளங்களில் பெரிய மீன்களை வாங்கி விடுகிறார்கள். அமேசான் ஆற்றின் செவ்வால் கெளுத்திகூடச் சில குளங்களில் உண்டு. மழைக்கு ஒதுங்க இடமும் சிற்றுண்டியும் கிடைக்கும் அந்தக் குளங்களில் குடும்பத்தோடு பொழுது போக்குவதில் தவறில்லை. பரிசுப் பணம் வைத்துப் போட்டி நடத்தும்போதுதான் அது வேறொன்றாகிறது. சூதில் கிடைக்கும் வெற்றியை, தூண்டில் முள்ளை விழுங்கிய மீனோடு வள்ளுவர் ஒப்பிட்டிருக்கிறார். கட்டணத்தின்மேல் கட்டணம் செலுத்திப் பரிசுக்காகக் காத்திருப்பவரைப் பார்த்தால், அங்கே சிக்கியது யார் என்ற ஐயம் எழும்.

ஏரிக்கரையில் நிற்பவர் செய்யக்கூடியவை சிலவே. ஆனால் அவை எளியவை அல்ல. முதலாவது, சிக்கியது எந்த மீன் என்று அறிவது. இங்கேயே பிறந்த தோமானையும் ஹருவானையும் அன்னிய மீனென்று எண்ணிக் கொன்றுவிடுபவர்கள் உண்டு. தோமான் ஒரு மீட்டருக்கு மேல் வளரும் விரால் இனம். அதன் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாக நீர்மேல் எழும்பிக் காற்றைக் குடிக்கும். பெற்ற மீன்கள் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் இரையை எறிந்தால், குஞ்சுகளைக் காக்கப் பாய்ந்து வரும் மீன் உறுதியாகச் சிக்கும். பசியில்லாத மீனை அதன் பாசத்தைக் கொண்டே பிடிக்கும் இந்த வழக்கத்தைத் திறமை என்று பாராட்டுவது பொருந்தாது. காவல் போனபின் அந்தக் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.

இரண்டாவது, விடவேண்டிய மீனை விரைவாக விடுவது. குளிர்நாட்டில் மீனோடு நெடுநேரம் போராடலாம். 4 டிகிரி நீர், ஒரு லிட்டரில் ஏறக்குறைய 13 மில்லிகிராம் உயிர்வளியைக் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடியது. 30 டிகிரி நீரில் அந்த அளவு ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான். களைத்துப்போன மீன் இந்த வெதுவெதுப்பான நீரில் மூச்சைத் திரும்பப் பெற முடியாமல், விடப்பட்ட பின்னும் இறக்கக்கூடும். ஆகவே, பெரிய மீன்கள் இருப்பதாகத் தெரிந்த ஏரியில் மிக மெல்லிய நரம்பைப் போட்டு, அரைமணி நேரம் போராடி, படமும் எடுத்து, ‘விட்டுவிட்டேன்’ என்று பெருமைப்படுவதைவிட, சற்றுத் தடித்த நரம்பைப் பயன்படுத்துவது மேல். இதை மெல்லிய தூண்டிலின் அன்பர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள்.

அன்னிய மீன் சிக்கினால் அதைத் திரும்ப நீரில் விடக்கூடாது. துன்புறுத்தாமல் விரைவாகக் கொன்றுவிட வேண்டும். உயிர்மேல் இரக்கமுள்ள மாணவருக்கு இது கசப்பாக இருக்கும். அந்த ஒன்றை விட்டால் அதன் வழியில் பிறக்கும் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் எவற்றின் இடத்தைப் பிடிக்கும் என்பதையும் அந்த இரக்கம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிடித்ததைச் சமைக்கலாம் என்று உடனே முடிவு செய்துவிடவும் கூடாது. பழைய ஈயக் குட்டைகளின் அடிமண்ணில் ஆர்செனிக் போன்ற நச்சுப் பொருள்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்தக் குட்டைகளின் கரை செங்குத்தாக இறங்குவதால், கால் இடறினால் உயிருக்கே ஆபத்து என்பதும் நினைவிலிருக்கட்டும்.

எனினும், முழுப் பொறுப்பையும் தூண்டில்காரர்மேல் சுமத்திவிட்டுக் கடைகளை விட்டுவிடுவது சரியன்று. பிரான்ஹா போன்ற ஆபத்தான மீன்களை இறக்குமதி செய்ய மலேசியாவில் தடை உண்டு. பண்டாராயா மீன் குஞ்சோ பல ஆண்டுகளாகச் சில ரிங்கிட்டுக்கு நெகிழிப் பையில் போட்டுத் தரப்பட்டு வந்திருக்கிறது. அந்தப் பையின்மேல், வளர்ந்தால் இந்த மீன் எவ்வளவு நீளம் இருக்கும் என்று ஒரு வரி அச்சிடலாம். வளர்ந்த மீனைத் திரும்பக் கொண்டுவந்தால் கடைக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஊராட்சி மன்றங்கள் வணிக உரிமத்திலேயே நிபந்தனை வைக்கலாம். கால்வாயைத் தேடிப் போகும் வாளிகளில் பாதியாவது அப்போது கடைவாசலுக்குத் திரும்பும்.