கையெழுத்து வைக்கும் நேரத்துப் பக்தி

கண்டி நகரத்தில் கடவுளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தலதா மாளிகை, அதற்குப் பக்கத்திலேயே புனித பவுல் தேவாலயம், நாத, விஷ்ணு, பத்தினி, கதிர்காம தேவாலயங்கள், மீரா மக்காம் பள்ளிவாசல், கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயில் என்று எல்லாவற்றையும் ஒரு காலைப்பொழுதில் நடந்தே பார்த்துவிடலாம். போயா தினத்தில் தெருவே வெள்ளை உடுத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்க இடம் கிடைக்காது. இந்த ஊரில் பக்தி குறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பக்தி நிறைய இருக்கிறது. அது எங்கே வந்து நின்றுவிடுகிறது என்பதுதான் என் கவலை.

நான் பல வருடம் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தவள். கலஹா பக்கத்துத் தோட்டமொன்றில் அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா கவ்வாத்து வெட்டினார். லயத்திலிருந்து படித்து வந்த எனக்கு, சொந்தக் காணி என்பது மனிதருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. மனிதர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதும் அங்கேதான் புரிந்தது.

நான் தட்டிய உறுதிகளில் ஒரு வகை மட்டும் இன்னும் மனதை உறுத்துகிறது. அப்பா இறந்திருப்பார். கருமாதி முடிந்த கையோடு அண்ணன் தம்பிகள் தங்கச்சியை அழைத்துக்கொண்டு வருவார்கள். நல்ல நேரம் பார்த்துத்தான் வருவார்கள். சிலர் நேராகக் கோயிலிலிருந்து வருவார்கள், நெற்றியில் விபூதி ஈரம் காய்ந்திருக்காது. எழுதி வைத்த உறுதியைச் சாமி காலடியில் வைத்து எடுத்து வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். அது நன்கொடை உறுதி. தகப்பன் சொத்தில் தனக்குள்ள பங்கை அன்பின் காரணமாகச் சகோதரருக்குக் கொடுத்துவிட்டதாக அந்தப் பெண் கையெழுத்து வைப்பாள். முகத்தில் அன்பைத் தேடினால் தெரியாது. சீக்கிரம் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம்தான் தெரியும்.

சட்டம் அவளைக் கைவிடவில்லை. இந்த நாட்டில் கண்டிச் சிங்களவருக்குக் கண்டிச் சட்டம், யாழ்ப்பாணத் தமிழருக்குத் தேசவழமை, முஸ்லிம்களுக்கு அவர்களுடைய சட்டம் என்று வாரிசுரிமையில் பல வழிகள் உண்டு. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டம். மரண சாசனம் எழுதாமல் தகப்பன் இறந்தால் பாதி தாய்க்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு. அதில் ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. காணியைக் கைமாற்றுவதென்றால் நொத்தாரிசு ஒருவர், சாட்சிகள் இருவர் முன்னிலையில் கையெழுத்து வைக்க வேண்டும் என்பது அதற்கும் பழைய, 1840ஆம் ஆண்டுச் சட்டம். வாசிக்கத் தெரியாதவருக்கும் வாசித்துக் காட்டச் சொல்பவருக்கும் எழுதியதை வாசித்து விளக்குவதும் நொத்தாரிசின் கடமை. ஏமாற்று நடக்கக்கூடாது என்றுதான் இத்தனை காவல். கூடப் பிறந்தவனுக்குப் பயந்து ஒருத்தி வாய் மூடி உட்கார்ந்தால், எந்தக் காவலும் உதவாது.

ஒருமுறை ஒரு தங்கச்சி வாயைத் திறந்தாள். “ஐயா, இதில என்ன எழுதியிருக்கு?” என்று நேராக நொத்தாரிசைக் கேட்டாள். அறையில் இருந்த எல்லோரும் அவமானப்பட்டவர்கள் போல் ஆகிவிட்டார்கள். கூட வந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: “அண்ணன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கான் தாயி. அவன் தப்புச் செய்வானா?” ஐயா எழுத்து விடாமல் வாசித்துக் காட்டினார். அவள் பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அண்ணன்மார் அதன்பின் அவளோடு பேசினார்களோ என்னவோ.

அந்தப் பெரியவர் சொன்னது என்னை விட்டுப் போகவே இல்லை. விரதம் மனிதனை உண்மைக்குக் கொண்டுவர வேண்டியது. இங்கே மாலையைக் காட்டி ஒரு கேள்வியை அடக்கப் பார்த்தார்கள். நாற்பத்தொரு நாள் கட்டுப்பாடாக இருக்கிறவரால் தங்கைக்கு முன்னால் பத்து நிமிடம் நேர்மையாக இருக்க முடியாதா?

இதே ஊரில் இதற்கு நேர்மாறாக வாழ்ந்து காட்டிய ஒருவர் உண்டு. 1838இல் கண்டியில் பிறந்த முகம்மது காசிம் சித்தி லெப்பை. பிறக்கிராசியாக இருந்து, நீதவான் ஆசனத்திலும் அமர்ந்தவர். அந்த வாழ்க்கையே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அதை விட்டுவிட்டு 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். கைக்காசைச் செலவழித்துத் தன் சமூகத்தைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883இல் இங்கே வந்த ஒராபி பாஷாவோடும் வாப்பிச்சி மரிக்காரோடும் சேர்ந்து அவர் செய்த முயற்சியில்தான் 1892இல், பின்னாளில் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை உருவானது. 1885இல் ‘அசன்பே சரித்திரம்’ எழுதினார். தமிழின் முதல் நாவல்கள் வரிசையில் அதற்கு இடமுண்டு.

ஆனால் நான் அவரை நினைப்பது வேறு காரணத்துக்காக. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பாத காலத்தில் கண்டியில் முஸ்லிம் பெண்களுக்கு ஒரு பாடசாலை திறந்து, அதன் பொறுப்பைத் தம் சகோதரியிடமே கொடுத்தார். சகோதரியின் கையில் ஒரு அண்ணன் என்ன கொடுக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்? அதே மனிதர்தான் 1897இல் ‘அஸ்ராறுல் ஆலம்’ என்ற மெய்ஞ்ஞான நூலையும் எழுதினார். அடுத்த ஆண்டு காலமானார். அவர் சூபி வழி நின்றவர், நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள். அவருடைய தத்துவத்தின் ஆழத்தை அளக்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் அவருடைய ஞானத்துக்கும் செலவுக் கணக்குக்கும் நடுவில் எனக்கு இடைவெளி தெரியவில்லை. ஆன்மிகம் என்றால் எனக்கு அதுதான்.

“கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அவளுக்கு இனி என்ன பங்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வியாகவும் இருக்கலாம். அண்ணன்மார் கடன்பட்டுத் தங்கச்சியைக் கரை சேர்த்த வீடுகளை நான் அறிவேன். அப்படியானால் கொடுத்ததையும், காணியின் இன்றைய பெறுமதியையும் அவள் முன்னால் வைத்துப் பேசுங்கள். எல்லாம் தெரிந்து, யோசிக்க நாளும் எடுத்து, அவளாகவே விட்டுக்கொடுத்தால் அது பெரிய தானம். அப்படிக் கொடுத்த அக்காமாரும் அந்த மேசைக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்து வைத்தார்கள்.

கோயில் பரிபாலன சபைகளுக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். கோயில்களில் திருவிழா உபயகாரர் பெயரை ஒலிபெருக்கியில் வாசிக்கிறீர்கள். திருவிழாக் கணக்கையும் அதே ஒலிபெருக்கியில் வாசியுங்கள். தோட்டத்துக் கோயில்களில் அது ஏழைகளின் சம்பளத்தில் பிடித்த காசு. சொற்பொழிவுக்கு வருகிறவர்களிடம் சகோதரியின் பங்கைப் பற்றியும் பேசச் சொல்லுங்கள். உபதேச மேடையிலிருந்து வந்தால் அந்தப் பேச்சைக் கேட்க எங்கள் அண்ணன்மார் தயாராகத்தான் இருக்கிறார்கள்.

கையெழுத்து வைக்க அழைக்கப்பட்டிருக்கும் தங்கச்சிமாருக்கும் ஒன்று. உறுதியின் பிரதியை முதலிலேயே கேட்டு வாங்கி வீட்டில் வைத்து வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் நம்பிக்கையான ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். கண்டியில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது, வசதியில்லாதவர்கள் அங்கே போய் ஆலோசனை கேட்கலாம். அண்ணன் கோபித்தால், நல்ல நேரம் இன்னொரு நாளும் வரும் என்று சொல்லுங்கள்.