தகரச் சீட்டும் கடவுச் சீட்டும்

சிறியதொரு தகரத் துண்டு. அதிலே பொறிக்கப்பட்ட எண்கள் சில. கயிற்றில் கோத்துக் கழுத்திலே கட்டிக்கொள்ள ஒரு துளை. அன்பு வாசகரே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, தமிழ்நாட்டு ஏழை ஒருவன் கடல் கடந்து இலங்கைக்குச் செல்ல இதுவே போதுமானதாக இருந்தது! அதிலே அவன் பெயர் இல்லை, படம் இல்லை, எத்தனை நாள் தங்குவான், என்று திரும்புவான் என்ற குறிப்பு இல்லை. எந்த வட்டாரத்துத் தோட்டம், எந்தத் தோட்டம் என்பதை எண்கள் சொல்லும். தகரத்தைக் கண்டதும் கப்பலிலே ஏற்றுவர், ரயிலிலே ஏற்றுவர், மலைமீது கொண்டுபோய் இறக்குவர். தேயிலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஆகவே வழி திறந்திருந்தது.

இன்று அதே கடலைக் கடக்க என்னென்ன வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கடவுச் சீட்டு வேண்டும், விசா வேண்டும், திரும்பும் பயணத்துக்கான சீட்டும், தங்கும் நாட்களுக்கான பணமும் இருப்பதைக் காட்ட வேண்டும், சுங்க அதிகாரியின் முன்னே பெட்டியைத் திறந்து வைக்க வேண்டும். நாடுகள் பலவும் கேட்கிற இவற்றை இலங்கை கேட்பது தவறு என்று நாம் கூறவில்லை. ஆனால், தகரச் சீட்டுக்கும் கடவுச் சீட்டுக்கும் இடையே நடந்தது என்ன என்பதை மறந்துவிட்டு, விதிகளைப் பற்றி மட்டும் பேசுவது முறையாகாது.

1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. சென்னையில் ரயிலேறியவர், இடையிலே இருபது மைல் சொச்சம் கடலைக் கப்பலில் கடந்து, மறுகரையில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். வேலைக்குச் சென்ற தொழிலாளிக்கோ மண்டபத்திலே முகாம். அங்கே சில நாள் நிறுத்திவைத்து, அம்மை குத்தி, நோயில்லை என்று கண்ட பிறகே கப்பலேற்றினர். முகாம் இருந்தது நம் மண்ணிலே. நடத்தியதோ இலங்கை அரசு! ஆயினும் வழி இருந்தது. பொங்கலுக்கு வந்தனர், பெண் கொண்டனர், பெண் கொடுத்தனர், தாயின் ஈமக்கடன் முடித்துத் திரும்பினர். கடல் என்பது அவர்களுக்கு ஓர் அகன்ற ஆறு, அவ்வளவே.

1948-இல் இலங்கை விடுதலை பெற்றது. அந்த ஆண்டிலேயே இரு சட்டங்கள் பிறந்தன. 18ஆம் எண் சட்டம், எவர் குடிமகன் என்று வரையறுத்தது. தேயிலை மலைகளிலே உழைத்த தமிழரிற் பெரும்பாலோர் அந்த வரையறைக்கு வெளியே நின்றனர். 20ஆம் எண் சட்டம், எவர் நாட்டுக்குள் வரலாம், எவர் வெளியேறலாம் என்று விதித்தது. 1949 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். அப்போதுதான் அதன் கொடுமை விளங்கும்! கடவுச் சீட்டு கொடுக்க வேண்டியது ஒரு நாடு. எந்த நாடும் தன் குடிமகன் என்று ஏற்காதவனிடம், 'உன் நாட்டின் கடவுச் சீட்டு எங்கே?' என்று கேட்டால், அவன் எதைக் காட்டுவான்? பாட்டன் கழுத்திலே தொங்கிய தகரத்தையா?

திருச்சியிலே தாய் நோயுற்றாள் என்று கடிதம் வரும். புறப்பட்டால் திரும்ப அனுமதி கிடைக்குமா என்ற அச்சம். புறப்படாவிட்டால் தாயின் முகம் காண இயலாதே என்ற ஏக்கம். இரண்டுக்கும் நடுவே நின்று தவித்தவனுக்கு வாய்த்த பெயர் என்ன தெரியுமா? 'கள்ளத்தோணி'! அரசுகளே ஆளெடுத்துக் கப்பலேற்றி அழைத்துச் சென்றவர்களின் பேரனுக்கு இந்தப் பட்டம்!

பின்னர், 1964 அக்டோபரில் இரு நாட்டுத் தலைமை அமைச்சர்களும் உடன்பாடு கண்டனர். 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்றனர். தலைமுறைகளாக உழைத்தவர் திரும்பும்போது எவ்வளவு பொருள் கொண்டுவரலாம் என்பதும் அந்த உடன்பாட்டிலே எழுதப்பட்டது: குடும்பமொன்று எடுத்துச் செல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படமாட்டாது. சட்டத்தின் நோக்கிலே அது பாதுகாப்பு. ஆனால், காட்டைத் திருத்தித் தேயிலை மலையாக்கிய குடும்பங்களின் பயண மூட்டைக்குள்ளே அந்தத் தொகையை வைத்துப் பாருங்கள்!

அதே காலத்திலே, சுங்க விதிகளின் மற்றொரு பக்கத்தையும் காணுங்கள். 1954-இல் நியூயார்க்கிலே உலக நாடுகள் கூடி, சுற்றுலாப் பயணிக்கான சுங்கச் சலுகைகள் பற்றி ஓர் ஒப்பந்தம் கண்டன. பயணி தன் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுசெல்லும் பொருள்களுக்கு வரி கேட்கலாகாது என்பது அதன் சாரம்; நல்ல கொள்கைதான். எவை அந்தப் பொருள்கள்? ஒரு காமிரா, ஐந்து சுருள் பிலிம். ஒரு கிராமபோன், பத்து இசைத்தட்டு. ஒரு தட்டச்சுப் பொறி. இரண்டு டென்னிஸ் மட்டை. பனிச்சறுக்குக் கட்டை ஒரு ஜோடி. வேட்டைத் துப்பாக்கி ஒன்று, தோட்டா ஐம்பது! அந்தப் பட்டியலை எழுதியவர்களின் கண்முன்னே நின்ற பயணி யார் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? மகளின் பிள்ளைப்பேற்றுக்கு மருந்துச் சரக்கும், கருப்பட்டியும், கட்டிவைத்த சேலை நான்கும் சுமந்து வருகிற தாய் அவர்கள் கண்ணிற்படவில்லை. விதி எழுதுவோர் யாரை மனத்திலே வைத்து எழுதுகிறார்களோ, அவருக்கே விதி எளிதாகிறது. ஏனையோர்க்கு அதே விதி மதிலாகிறது.

'தங்கக் கடத்தலைத் தடுக்க வேண்டாமா? போதைச் சரக்கைப் பிடிக்க வேண்டாமா?' என்று கேட்பர் சிலர். வேண்டும், ஐயமில்லை. காவல் வேண்டாம் என்பாரில்லை. வாயிற்காவலன் வருகிறவன் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். கேட்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கேட்கட்டும் என்பதே நம் வாதம்.

முன்கூட்டிச் சொல்லப்படுகிறதா? அண்மைக் காலத்தைப் பாருங்கள். 2023 நவம்பரிலே இலங்கை அரசு, இந்தியா உட்பட 7 நாட்டவருக்கு விசாக் கட்டணம் இல்லை என்றது. 2024 மார்ச் 31 வரை அந்தச் சலுகை. சுற்றுலாப் பணம் தேவைப்பட்டது, கதவு திறந்தது. ஏப்ரலிலே விசா வழங்கும் பணி வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்களிடம் சென்றது, கட்டணம் ஏறியது, மக்கள் கொதித்தனர். ஆகஸ்டிலே அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தி, பழைய முறைக்குத் திரும்பப் பணித்தது. அதை நிறைவேற்றத் தவறியதற்காகக் குடிவரவுத் துறையின் தலைமை அதிகாரியே செப்டம்பரில் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். ஓராண்டுக்குள் இத்தனை மாற்றம்! படித்தவரே தடுமாறுகையில், பாமரர் என் செய்வர்?

இதனினும் நெஞ்சைச் சுடுவது ஒன்றுண்டு. போர்க்காலத்திலே குண்டுக்குத் தப்பித் தோணியேறித் தமிழ்நாடு வந்த முதியவர் ஒருவர், 2025-இல், ஐக்கிய நாடுகளின் அகதிகள் அமைப்பின் உதவியோடு பலாலி விமான நிலையத்திலே இறங்கினார். ஊர் திரும்பியவருக்குக் கிடைத்த வரவேற்பு, கைது! முறையான பத்திரமின்றி நாட்டைவிட்டுச் சென்றது குற்றமாம்! கண்டனம் எழுந்தது; பின்னர் விடுவிக்கப்பட்டார். குண்டு விழும்போது விசா வாங்கிக்கொண்டு ஓடவில்லை என்பதா குற்றம்?

பழி முழுவதையும் அக்கரைமீது சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. நம் முகாம்களிலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலரிடம் இந்த நாட்டின் கடவுச் சீட்டும் இல்லை, அந்த நாட்டின் கடவுச் சீட்டும் இல்லை. வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் ஒரு கூறு, அரசின் கருணையன்று என 1967-இலேயே நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் ஒளி முகாமின் முள்வேலியைத் தாண்டி உள்ளே விழவில்லை.

வழியே இல்லையா? இருக்கிறது, இரு அரசுகளும் தம் கையாலேயே எழுதிய வழி! 1974 உடன்படிக்கையின் 5ஆம் பிரிவைப் படியுங்கள். கச்சத்தீவு எவருக்குரியது என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பிரிவு கூறுவது இது: இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அத்தீவுக்குச் சென்று வரலாம். அதற்காகப் பயணப் பத்திரமோ விசாவோ பெற வேண்டியதில்லை. அந்தோணியார் திருவிழாவிலே இரு கரைத் தமிழரும் ஒரே மணலில் மண்டியிடுவதை அரசுகள் அறிந்திருந்தன, அறிந்தே எழுதின. ஒரு தீவுக்கு எழுத முடிந்ததை உறவுக்கும் எழுத முடியாதா?

நாம் கேட்பது பெரிதல்ல. பெற்றவரையும் பிள்ளையையும் காணச் செல்பவருக்குக் கட்டணம் குறைந்த, காலம் நீண்ட விசா. விசா விதியும் சுங்க விதியும் இரு கரைத் துறைமுகங்களிலும் தமிழிலே, யாரும் படிக்கும்படி. விதி மாறினால், மாறுவதற்கு முன்பே அறிவிப்பு. அகதியாய்ச் சென்று திரும்புபவருக்குக் கைவிலங்கு இல்லை என்று சட்டத்திலேயே ஓர் உறுதி.

2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டது; சில நாளில் நின்றது; 2024 ஆகஸ்டிலே மீண்டும் ஓடியது. கடல் வழியை மறுபடி திறக்க முடியும் என்பதை அது காட்டியது. கப்பல் மட்டும் போதாது, வாசகரே! உழைக்கப் போனவனுக்குத் தகரமே போதுமென்று இருந்த கரையிலே, உறவு தேடி வருபவனுக்கு மனிதன் என்ற மதிப்பேனும் போதுமானதாக இருக்க வேண்டாமா?