கொழுந்தின் எடையும் செயலியின் வேகமும்

சேரம்பாடியின் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் அருகே நின்றவர்களுக்குத் தராசின் குறை தெரியும். மழையில் நனைந்த இலை கூடுதல் எடை காட்டும்; அதற்கென்று கழித்துக்கொள்வார்கள். முற்றிய இலையும் எடை காட்டும்; கோப்பையில் சுவை காட்டாது. இரண்டு இலை, ஒரு மொட்டு என்ற விதியைத் தராசு அறியாது.

நுண்செயலிகளைப் பெஞ்ச்மார்க் எண்களால் ஒப்பிட்டு நாம் நடத்தும் வாதங்களில் அந்தத் தராசே நினைவுக்கு வருகிறது. பெஞ்ச்மார்க் என்பது ஒரு மாதிரி வேலை. அதை எல்லாச் செயலிகளுக்கும் கொடுத்து, முடிக்கும் நேரத்தைக் கணக்கிடுகிறோம். 1984-இல் வந்த ட்ரைஸ்டோன் மிகச் சிறிய நிரல்; செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகத்தில் அடங்கிவிடும். பெருந்தரவைக் கையாளும்போது செயலி படும் திணறல் அதில் வெளிப்படாது. 1989-இல் வெளியான ஸ்பெக் தொகுப்பில் மேட்ரிக்ஸ்300 என்றொரு சோதனை இருந்தது. கம்பைலர் எழுதுவோர் அதன் சூட்சுமத்தைப் பிடித்ததும் மதிப்பெண் பன்மடங்கு ஏறியது; செயலி என்னவோ பழையதுதான். 1992-ஆம் ஆண்டுத் தொகுப்பில் அச்சோதனையை நீக்கிவிட்டார்கள். ஈர இலைக்குக் கழித்த கணக்குதான் இது.

2025-இல் இஸ்ரோவின் விக்ரம் 3201 செயலி அறிமுகமானது. மொகாலியில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. இன்றைய கைப்பேசிச் சில்லுகளின் ஒற்றை இலக்க நானோமீட்டர் எண்ணோடு வைத்துப் பார்த்தால் ஏளனம் செய்யத் தோன்றும். ஆனால் அதன் வேலை ராக்கெட்டை வழிநடத்துவது. மைனஸ் 55 முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை அது தடுமாறாமல் இயங்க வேண்டும். விடை குறித்த கணத்தில் வந்தாக வேண்டும். கைப்பேசிச் சோதனையின் மதிப்பெண்ணுக்கு அங்கே என்ன வேலை? விண்ணுக்குச் செல்லும் செயலி என்பதாலேயே மேசைக் கணினியிலும் அது வெல்லும் என்று மார்தட்டுவதும் இதே பிழையின் மறுபக்கம்தான்.

எண்களை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எது வேகம் என்பதற்கு முன் எந்த வேலைக்கு என்று கேட்போம் என்கிறோம். ஊரார் சேர்த்த பணத்தில் ஒரு சிற்றூர் நூலகத்துக்குக் கணினி வாங்கப் போகிறவர், பழைய தமிழ் நூலொன்றின் நூறு பக்கங்களை எழுத்துணரியில் ஓட்டி, ஆகும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கட்டும். அந்தப் பணத்துக்குப் பதில் சொல்லக்கூடிய பெஞ்ச்மார்க் அது ஒன்றுதான் என்பது நம் கருத்து.