கையில் காசு, வாயில் தோசை

2016 நவம்பர் 18. திருவனந்தபுரம் பேக்கரி ஜங்ஷனில் ரிசர்வ் வங்கி அலுவலகத்தின் முன்னால் ஒரு சத்தியாகிரகம். உட்கார்ந்திருந்தவர்கள் தொழிற்சங்கத்தினரோ மாணவர்களோ அல்ல. கேரள முதல்வர் பினராயி விஜயனும் அவரது அமைச்சர்களும். ஒரு மாநிலத்தின் அமைச்சரவையே தெருவுக்கு வந்து வங்கி வாசலில் அமர்வது அடிக்கடி நடக்கிற காரியமல்ல.

அதற்குப் பத்து நாள் முன்புதான், நவம்பர் 8 இரவில், 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்திருந்தார். நாட்டில் புழங்கிய நோட்டுகளின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் வெறும் காகிதமாயிற்று. அடுத்த வாரம், நவம்பர் 14 அன்று, மாவட்டக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டுகளை வாங்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கிராமத்துக்கு ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்து அதிலேயே சேமிக்கிற கேரளத்துக்கு இது நெஞ்சில் அடி. கறுப்புப் பணம் பதுங்குமிடம் என்றது ஒரு தரப்பு. சாமானியனின் வங்கியை ஒழிக்கிற சதி என்றது மறு தரப்பு.

சண்டை வங்கிகளைப் பற்றியது. ஆனால் அதே நகரத்தில், எந்த வங்கியின் தயவும் இல்லாமல் அன்றாடம் ரொக்கத்திலேயே வாங்கி, ரொக்கத்திலேயே விற்று, ரொக்கத்திலேயே கடன் அடைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. அவர்களுக்காகப் பந்தல் போட்டவர் யாருமில்லை.

பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம் கரைகளில் ஏலத்தில் மீன் எடுத்து, நகரத்தின் சந்தைகளிலும் வீட்டு வாசல்களிலும் விற்கிற பெண்கள் அந்தக் கூட்டத்தின் முன்வரிசை. நாற்றம் என்று சொல்லி பஸ்ஸில் ஏற்ற மறுக்கப்பட்டு, அதற்காகப் போராடியவர்கள். (கேரள அரசு பஸ் கழகம் 2021இல் இவர்களுக்காக ‘சமுத்ரா’ என்ற இலவச பஸ்களை விட்டது.) இவர்களது வியாபாரத்தின் வாழ்நாள் ஒரு பகல். காலையில் கடன், மதியம் விற்பனை, மாலையில் வசூல், இரவில் மிச்சம். வங்கி பத்து மணிக்குத் திறக்கும்போது இவர்களின் முதலீடு ஏற்கெனவே பாத்திரத்தில் ஐஸோடு கிடக்கிறது.

நோட்டு செல்லாத அந்த நவம்பரில் இவர்களுக்கு நேர்ந்தது எளிய கணக்கு. வாங்க வருபவர் கையில் பழைய 500 அல்லது புதிய 2000. முதலாவதை வாங்கினால் மறுநாள் ஏலத்தில் செல்லாது. இரண்டாவதற்குச் சில்லறை இல்லை. வேண்டாமென்று திருப்பி அனுப்பினால் மீன் அழுகும். துணிக்கடைக்காரர் சரக்கை அலமாரியில் பூட்டிவிட்டுப் பத்து நாள் காத்திருக்கலாம். மீன் காத்திருக்காது. 1946இலும் 1978இலும்கூட நோட்டுகள் செல்லாதவை ஆக்கப்பட்டதுண்டு. ஆனால் 1978இல் போனவை 1000, 5000, 10,000 ரூபாய் நோட்டுகள். அன்று ஆயிரம் ரூபாய் நோட்டைக் கண்ணால் பார்த்த கூலித் தொழிலாளி எத்தனை பேர்? 2016இல் போன 500, கூலிக்காரர் மடியிலும் இருந்தது.

கடைசியில், செல்லாமல் போன 15 லட்சத்து 41 ஆயிரம் கோடி ரூபாயில் 99.3 சதவீதம் வங்கிகளுக்கே திரும்பி வந்துவிட்டதாக 2018இல் ரிசர்வ் வங்கி கணக்குக் காட்டியது. நடவடிக்கை சட்டப்படி சரியே என்று 2023 ஜனவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்று தீர்ப்பளித்தது. நீதிபதி பி.வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டார். அழுகிய மீனுக்கு இவை எதிலும் கணக்கில்லை.

‘இந்தக் காலத்திலும் ஏன் இவர்கள் வங்கிக்குப் போவதில்லை?’ படித்தவர்கள் கேட்கிற கேள்வி இது. ‘அறியாமை’ என்ற பதிலும் தயாராக இருக்கும். திருவனந்தபுரத்தின் வரலாறு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்த நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். நாம் இன்று பொதுப் பெயராகச் சொல்கிற காசும் பணமும் அங்கே கையில் எண்ணிக் கொடுத்த நாணயங்கள். மிளகளவே இருந்த வெள்ளிச் சக்கரங்களை விரலால் எண்ண முடியாது. குழிகள் வெட்டிய மரப்பலகையில் கொட்டி, குலுக்கி, குழிக்கு ஒன்றாக நிரப்பி எண்ணுவார்கள். 1956 வரை இந்த நாட்டோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய வீடுகளில் இந்தச் சக்கரப் பலகையைத் தெரிந்தவர்கள் உண்டு.

அந்தச் சக்கரங்கள் வங்கிக்கும் போயின. 1937இல் இரண்டு வங்கிகள் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் பாங்க் உருவாயிற்று. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்று. ஒரு வருடம்கூட முழுதாகத் தாங்கவில்லை. 1938 ஜூனில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அதன் தலைவர்கள் கே.சி. மாம்மன் மாப்பிள்ளையும் சி.பி. மாத்தனும் சென்னையில் கைதாகி, திருவனந்தபுரம் கொண்டுவரப்பட்டு, சிறை சென்றார்கள். திவான் சர் சி.பி. ராமசாமி ஐயரின் அரசியல் பகைதான் வங்கியைக் கவிழ்த்தது என்பார்கள் ஒரு சாரார். நிர்வாகக் கோளாறு என்பார்கள் இன்னொரு சாரார். யார் சொல்வது சரியாக இருந்தாலும், பணம் போட்டவனுக்குப் பணம் இல்லை.

இருபத்திரண்டு வருடம் கழித்து அதே கதை. 1960 ஆகஸ்டில் பாலாய் சென்ட்ரல் பாங்கை மூடக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கேரளத்தின் மிகப் பெரிய வங்கி அது. அந்த அதிர்ச்சியில்தான் டெல்லி விழித்துக்கொண்டு 1962 ஜனவரி முதல் வைப்புத் தொகைக்கு இன்ஷூரன்ஸ் கொண்டுவந்தது. அன்று உச்சவரம்பு 1,500 ரூபாய். 1993இல் ஒரு லட்சம், 2020இல் ஐந்து லட்சம். இன்று இந்தியா முழுவதும் வங்கியில் பணம் போடுகிறவர் நிம்மதியாகத் தூங்குவதற்குக் கேரளத்து மக்கள் இழந்த பணமும் ஒரு காரணம்.

அந்த நிம்மதியும் எல்லோருக்கும் இல்லை. கிராமத்துத் தொடக்கக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது. திருச்சூர் மாவட்டத்துக் கருவன்னூர் கூட்டுறவு வங்கி மோசடி 2021இல் வெடித்தபோது, மகள் கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் போட்டு வைத்தவர்கள் வாசலில் நின்றார்கள். 2023இல் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, கண்டலாவில், இன்னொரு கூட்டுறவு வங்கியில் அமலாக்கத் துறை சோதனை நடந்தது. முதலமைச்சர் எந்த அமைப்புக்காகத் தெருவில் உட்கார்ந்தாரோ, அந்த அமைப்புக்குள்ளேயே ஓட்டை.

ஆக, நோட்டை நம்பியவரை அரசு கைவிட்டது உண்டு. வங்கியை நம்பியவரை வங்கி கைவிட்டதும் உண்டு. இரண்டையும் பார்த்த ஊரில், கையில் காசு வாயில் தோசை என்று இருப்பது அறியாமை அல்ல, அனுபவம்.

ஆனால் அனுபவத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. ரொக்கத்தில் வாழ்கிறவருக்கு ரொக்கத்தில்தான் கடன் கிடைக்கும். தமிழ்நாட்டில் தண்டல், கேரளத்தில் பிளேடு. பெயர்தான் வேறு. பத்தாயிரம் ரூபாய்த் தண்டல் என்றால் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் வரும். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்பதற்குப் பத்து சதவீத வட்டி போலத் தெரியும். ஆனால் அசல் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வருகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 75 சதவீதத்துக்கு மேல். வங்கியில் நகைக் கடன் வாங்குகிறவர் கட்டுவதைப் போலப் பல மடங்கு.

அதிக வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலும் கேரளத்தில் 2012இலும் சட்டம் வந்தது. 2014 மே மாதத்தில், கடன் தொல்லையால் திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பமே உயிரை விட்ட பிறகு, கேரளப் போலீஸ் ‘ஆபரேஷன் குபேரா’ என்று வீடு வீடாகச் சோதனை போட்டது. சோதனை ஓய்ந்ததும் தண்டல் நோட்டு மறுபடி திறந்தது. காரணம் எளிது. விடியற்காலை நாலு மணிக்கு, கையெழுத்தோ ஜாமீனோ கேட்காமல், கடற்கரைக்கே வந்து பணம் கொடுக்க வேறு ஆளில்லை.

கணக்கு இல்லாததால் வந்த குறையா இது? இல்லை. ஜன் தன் திட்டம் 2014 ஆகஸ்டில் தொடங்கியது. கோடிக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. ஆனால் 2021இல் உலக வங்கி எடுத்த கணக்கெடுப்பில், இந்தியாவில் கணக்கு வைத்திருப்பவர்களில் 35 சதவீதம் பேர் ஒரு வருடமாக அதைத் தொடவே இல்லை. பாஸ்புக் பெட்டியில், பணம் மடியில். கணக்கு இருப்பது வேறு, வங்கி இருப்பது வேறு.

வங்கி கடன் கொடுக்க வேண்டுமானால் பழைய வரவு செலவைக் காட்டச் சொல்கிறது. கிரெடிட் கார்டுக்குச் சம்பளச் சீட்டு வேண்டும். இருபது வருடம் ஒரு நாள் தவறாமல் தண்டல் கட்டிய பெண்ணுக்கு எழுத்தில் எந்தச் சாட்சியும் இல்லை. அவர் எவ்வளவு நம்பகமானவர் என்பது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். வட்டிக்காரருக்கு. அவரது நோட்டுப் புத்தகத்தில் இருக்கும் அந்த வரலாறு வங்கியின் கம்ப்யூட்டரில் இல்லை. அதனால்தான் 75 சதவீதம்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. அது வெகு தொலைவிலும் இல்லை. திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்ற மீனவ கிராமத்தில் 1970 வாக்கில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. படகுக்கும் வலைக்கும் கடன் கொடுத்து, அதற்குக் கூலியாக மீனைத் தன் விலைக்கு ஏலம் விட்டுக்கொண்டிருந்த தரகர்களின் இடத்தை அது பிடித்தது. சங்கமே கரையில் ஏலம் விட்டது. கிடைத்த தொகையில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு சிறு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு மீதியை மீனவருக்குக் கொடுத்தது. மாதத் தவணை கிடையாது. மீன் நிறையக் கிடைத்தால் நிறையப் பிடித்தம். கடல் கைவிரித்தால் பிடித்தமும் இல்லை.

இதைப் பார்த்து மற்றக் கரைகளிலும் சங்கங்கள் முளைத்தன. 1980இல் அவற்றை இணைத்துத் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு திருவனந்தபுரத்தில் பிறந்தது. கன்னியாகுமரிக் கரைகளிலும் அது பரவியது. படிவம் நிரப்பத் தெரியாத மீனவருக்கு வங்கியின் வழக்கத்தைக் கற்றுக்கொடுக்க அது முயலவில்லை. கடலின் வழக்கத்தை வங்கிக்குக் கற்றுக்கொடுத்தது. ஆனால் இந்தச் சங்கங்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகிற ஆண்களுக்கானவை. கரையிலிருந்து சந்தைக்கு மீன் சுமக்கிற பெண்ணுக்கு அதே அளவில் ஒரு ஏற்பாடு வரவில்லை. காலைக் கடனுக்கு அவர் இன்னமும் பழைய ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

2023 ஜனவரியில், வங்கிச் சேவையில் முழுவதும் டிஜிட்டல் ஆன முதல் மாநிலம் என்று கேரளம் அறிவித்துக்கொண்டது. சாலைக் கடைத்தெருவில் வாழைக்குலை விற்பவரும் மொபைலில் பணம் வாங்குகிறார். இதில் ஒரு நன்மை உண்டு. ரொக்கம் தடயம் விடாது, மொபைல் விடும். அந்தத் தடயத்தைப் பார்த்து நாளை ஒரு வங்கி, ஜாமீன் இல்லாமல் காலையில் ஐயாயிரம் கொடுத்து மாலையில் வாங்கிக்கொள்ள முன்வந்தால், வட்டிக்காரரின் நோட்டு அன்றே மூடும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதே 2023இல் கேரளத்தில் சிறு வியாபாரிகள் பலரின் கணக்குகள் திடீரென்று முடக்கப்பட்டன. எங்கோ ஒரு மோசடிக்காரரின் கணக்கிலிருந்து வந்த சில நூறு ரூபாய் இவர்கள் கணக்கில் விழுந்திருந்தது. வேற்று மாநிலப் போலீஸ் கேட்டது, வங்கி முடக்கியது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும் என்று உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை கடையை நடத்தியது எது? பெட்டியிலிருந்த ரொக்கம்தான்.

ரொக்கத்தில் வாழ்கிறவர்களை ஒரு நோயைப் போலப் பார்த்து ‘ஒழிப்போம்’ என்று கிளம்புவது தவறு. ரொக்கம் அவர்களின் உரிமை. ஒரு நவம்பர் இரவில் அதைப் பறித்ததுபோல இன்னொரு முறை நடக்கக் கூடாது. ஆனால் ரொக்கத்தில் வாழ்கிற ஒரே காரணத்துக்காக அவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு வட்டி கட்டுவதும் நியாயமல்ல. கணக்கு எத்தனை திறந்தோம் என்று எண்ணுவதை விட்டு, அதிகாலை நாலு மணிக் கடற்கரையில் யார் நிற்கிறார்கள் என்று வங்கிகள் பார்க்கலாம்.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். காசு ஒன்று, நேர்மை மற்றொன்று. மீன் விற்கும் பெண்ணிடம் இரண்டும் உண்டு. முதலாவதைத்தான் இதுவரை வங்கி கேட்டிருக்கிறது.