26 எழுத்துதான்!

தமிழ் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. இத்தனையையும் கற்றவர்கள் நாம். ஆங்கில எழுத்துகளோ 26 தான். அதைக் கண்டு அஞ்சலாமா?

"தமிழ் படிப்பேன், ஆங்கிலம் தெரியாது" என்று சொல்லும் தாய்மார்கள் பலர். அவர்கள் ஆங்கிலம் பேச வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. எழுத்துகளை அடையாளம் கண்டுகொண்டால் போதும். அதனால் தமிழுக்கு ஒரு குறையும் வராது. நமக்கோ பெரிய பாதுகாப்பு.

மாத்திரை அட்டையைப் பாருங்கள். 'இ, எக்ஸ், பி' என்று மூன்று எழுத்துகள் இருக்கும். அதை அடுத்து இருப்பது மருந்து காலாவதியாகும் மாதமும் ஆண்டும். 'எம், எப்' என்று தொடங்கினால், அது மருந்து தயாரித்த காலம். இரண்டையும் மாற்றிப் படித்தால் என்ன ஆகும்? நல்ல மருந்து குப்பைக்குப் போகும். கெட்ட மருந்து வயிற்றுக்குள் போகும்!

வங்கிக் கிளைக்கு 'ஐ.எப்.எஸ்.சி.' என்ற குறியீடு உண்டு. அதில் 11 இடங்கள். முதல் 4 எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது இடத்தில் இருப்பது பூஜ்யம். அதை 'ஓ' என்று எழுதினால் குறியீடே தவறாகிவிடும்.

கைபேசியில் வங்கியிலிருந்து செய்தி வருகிறது. அதைப் படித்துச் சொல்லும்படி முன்பின் தெரியாதவரிடம் கொடுக்கிறோம். ரகசிய எண்ணும் சேர்ந்தே அவர் கண்ணில் படுகிறது. இந்த ஆபத்து தேவைதானா?

எப்படிக் கற்பது? முதலில் உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் உள்ள எழுத்துகளைப் பழகுங்கள். பிறகு பிள்ளைகளின் பெயர், ஊரின் பெயர். பாதி எழுத்துகள் அதிலேயே வந்துவிடும்.

பெரிய எழுத்துகளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். வண்டி எண் பலகையில் இருப்பவை அவைதான். பிறகு சிறிய எழுத்துகள். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், இசட் ஆகிய ஏழுக்கும் வடிவம் மாறாது, அளவுதான் மாறும். சிறிய 'பி'யும் சிறிய 'டி'யும் குழப்பும். இரண்டிலும் ஒரு கோடும் ஒரு வயிறும் உண்டு. வயிறு வலப்பக்கம் இருந்தால் 'பி'. இடப்பக்கம் இருந்தால் 'டி'.

வரிசையாகப் பாடுவது மட்டும் படிப்பு ஆகாது. இடையில் ஒரு எழுத்தைக் காட்டிக் கேட்க வேண்டும். உடனே சொன்னால்தான் தெரிந்ததாகப் பொருள்.

பெற்றோருக்கு இன்னொரு வார்த்தை. தமிழில் 'ப' என்ற எழுத்தை 'ப' என்றே படிக்கிறோம். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 'சி' என்ற எழுத்து, பூனையைக் குறிக்கும் 'கேட்' என்ற சொல்லில் 'க' என்று ஒலிக்கும். நகரத்தைக் குறிக்கும் 'சிட்டி' என்ற சொல்லில் 'ச' என்று ஒலிக்கும். ஆகவே குழந்தை தடுமாறினால் அடிக்காதீர்கள். குற்றம் குழந்தையுடையது அல்ல. அந்த மொழியின் வழக்கம் அப்படி!

பிள்ளைகளே! உங்களைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைப்பவர்கள் பெற்றோர். தினமும் கால் மணி நேரம் அவர்கள் அருகில் உட்காருங்கள். ஒரு நாளைக்கு ஒரு எழுத்து சொல்லிக் கொடுங்கள். ஒரே மாதத்தில் 26 எழுத்தும் முடிந்துவிடும். இன்று மாலையே தொடங்கலாம் அல்லவா?