எங்கள் ஊர்ப் பெயரை விற்க யார் அனுமதி கொடுத்தது?

"அத்தை, காஞ்சிபுரம் பட்டு! நாலாயிரத்துக்கே கிடைச்சுது, பாருங்க" என்று என் அண்ணன் மகள் புடவையை மடியில் போட்டாள். முகூர்த்தத்துக்கு எடுத்ததாம். பெட்டியின் மேல் எங்கள் ஊர்ப் பெயர் தங்க எழுத்தில் மின்னியது. உடலும் கரையும் சேரும் இடத்தைப் புரட்டிப் பார்த்தேன். கோர்வை இல்லை. உடலில் ஓடிய அரக்கு ஊடையே கரைக்குள்ளும் ஓடி, பச்சையை மங்கடித்திருந்தது. விசைத்தறிப் புடவை. சிரித்துக்கொண்டு நிற்கும் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வேன்? "நல்லா இருக்கும்மா" என்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

முப்பது வருஷமாக என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளுகிறேன். உடலுக்கு ஒன்று, இரண்டு கரைக்கும் இரண்டு என்று மூன்று நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று கொக்கி போல் பிடித்துக்கொள்ள வேண்டும்; அதுதான் கோர்வை. ஒரு இழை தவறினால் பிரித்து மறுபடி நெய்ய வேண்டும். என் முதுகு வளைந்ததும் கண் மங்கியதும் அந்த ஒரு கோட்டுக்காகத்தான். அது இல்லாமலேதான் விற்கிறார்கள், என் ஊர்ப் பெயரைப் போட்டு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999இல் வந்தது, 2003இல் நடைமுறையானது. அடுத்த சில வருஷங்களில் காஞ்சிபுரம் பட்டுக்கும் குறியீடு கிடைத்தது. பெயரைப் பொய்யாகப் போட்டால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். கேட்டபோது எங்கள் தெருவே குளிர்ந்தது.

அண்ணன் மகள் புடவை எடுத்த கடைக்குப் போனேன். "சில்க் மார்க் இருக்கும்மா" என்று அட்டையைக் காட்டினார்கள். அந்த முத்திரை சொல்வது நூல் பட்டு என்பதை மட்டும்தானே? எந்த ஊரில், எந்தத் தறியில் நெய்தது என்று அது சொல்லாதே! புகார் எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "நீங்க பதிவு பண்ணின பயனாளரா? உங்க பேர் எதுலயும் இல்லையே" என்றார்கள். வழக்குப் போட்டுத் தடை வாங்கும் உரிமை பதிவு உரிமையாளருக்கும் பதிவு பெற்ற பயனாளருக்கும்தானாம். போலீஸ் சோதனை போடுவதென்றாலும் டி.எஸ்.பி. அந்தஸ்தில் ஒருவர் வர வேண்டும், அதற்கு முன் பதிவாளரின் கருத்தைக் கேட்க வேண்டும். அதற்குள் எத்தனை முகூர்த்தம் முடிந்துவிடும்!

பெயர் எங்கள் கையால் வந்தது. அதைக் காக்கும் சாவி மட்டும் எங்கள் கையில் இல்லை.

பெயரோடு எங்கள் பிழைப்பும் போகிறது. விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையை அரசியலமைப்பு 19ஆவது பிரிவில் கொடுத்திருக்கிறது. 21ஆவது பிரிவு சொல்லும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சொன்னது. அதே வருஷம்தான் சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டமும் வந்தது. விசைத்தறி முதலாளிகள் எதிர்த்து வழக்காடினார்கள். 1993இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஜெயித்தோம், ஐயா! ஜெயித்தும் தோற்றுக்கொண்டே இருக்கிறோமே!

விசைத்தறியில் வேலை செய்கிறவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவரும் வயிற்றுக்குத்தான் நிற்கிறார். அந்தப் புடவையை அதற்குரிய பெயரில் விற்கட்டும். வாங்குகிறவள் தெரிந்து வாங்கட்டும். என் அண்ணன் மகளை ஏன் ஏமாற்ற வேண்டும்?

இப்போது எங்கள் தறியில் மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையுமாக ஒரு புடவை, இன்னும் இரண்டு முழம் பாக்கி. முடித்து எடுத்துப்போனால் முதலாளி என்ன சொல்வார் என்று தெரியும். போன மாதமும் அதைத்தான் சொன்னார்: "கூலி எப்படிம்மா ஏத்துறது? காஞ்சிபுரம் பட்டு கடையில நாலாயிரத்துக்கே கிடைக்குதே!"