ஜஃபர் கெட்டவனா?



தொண்டைமானாற்றிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்தில் பிறந்து, புத்தளத்தில் வளர்ந்தவர். இப்போது கணவரின் வியாபாரத்தை முன்னிட்டுத் தொண்டைமானாற்றில் வாடகை வீட்டில் இருக்கிறார். அவருடைய ஒன்பது வயது மகனின் பெயர் ஜஃபர். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கம்ப்யூட்டரில் விளையாடிவிட்டு வந்த அவன், "உம்மா, ஏன் எனக்குக் கெட்டவன்ட பேரை வச்சீங்க?" என்று கேட்டு அழுதிருக்கிறான். இளவரசியைச் சிறைவைக்கும் கொடிய மந்திரிக்கு அந்த விளையாட்டில் அதே பெயராம். "ஹஸ்ரத், பெயரை மாற்றிவிடலாமா?" என்று கேட்கிறார் அந்தத் தாய்.

சகோதரியே, மாற்ற வேண்டாம். பொருள் கெட்ட பெயர்களை நபி (ஸல்) அவர்கள் மாற்றியிருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஜஃபர் என்ற அரபுச் சொல்லுக்குச் சிற்றாறு என்று பொருள். ஆற்றின் பெயர் கொண்ட ஊரிலே இருந்துகொண்டு, ஆற்றின் பெயர் கொண்ட பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்! அந்தப் பெயருக்கு என்ன நேர்ந்தது என்பதைத்தான் நாம் விசாரிக்க வேண்டும்.

அந்த விளையாட்டின் பெயர் 'பாரசீக இளவரசன்'. ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர் 1989இல் உருவாக்கியது. தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம் பிடித்து, அந்த அசைவுகளைப் பார்த்துப் பார்த்து இளவரசனை வரைந்தார். அறுபது நிமிடத்துக்குள் நிலவறைகளைக் கடந்து, மந்திரி ஜஃபரை வென்று, இளவரசியை மீட்க வேண்டும். இந்த மாளிகையும் மந்திரியும் மாயமும் எங்கிருந்து வந்தன? நம் கீழைநாட்டு இலக்கியமான 'ஆயிரத்தொரு இரவுக'ளிலிருந்து வந்தவை.

ஆனால் அந்தப் பழைய நூலைத் திறந்து பாருங்கள். அங்கே ஜஃபர் கெட்டவர் அல்லர். கலீபா ஹாரூன் அர்ரஷீத் மாறுவேடத்தில் பாக்தாத் தெருக்களில் குடிமக்களின் குறை கேட்டு நடக்கும்போது, கூடவே நடக்கும் தோழர் அவர். சரித்திரத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். பர்மகீ குடும்பத்தைச் சேர்ந்த ஜஃபர் இப்னு யஹ்யா என்ற அவர், 803இல் அதே கலீபாவின் கட்டளையால் கொல்லப்பட்டார். அவரைக் கதைகளில் சூழ்ச்சிக்கார மந்திரியாக்கியவர்கள் மேற்கத்தியப் படக்காரர்கள். 1940இல் வந்த 'பாக்தாத் திருடன்' என்ற ஆங்கிலப் படத்தின் வில்லனுக்கு ஜஃபர் என்று பெயரிட்டார்கள். 1989இன் விளையாட்டிலும், 1992இல் வந்த டிஸ்னியின் 'அலாதீன்' படத்திலும் அதே பெயர், அதே கொடுமை. கதை நம்மிடமிருந்து போய், பெயரில் சேறு பூசிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

இதற்காக மேல்நாட்டாரை ஏசிவிட்டு ஓய்வது நியாயமல்ல. பழைய இலக்கியத்தை அவர்கள் கருத்தோடு எடுத்தாண்ட இடங்களும் உண்டு. யூபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் 2003இல் அதே இளவரசனை வைத்து 'காலத்தின் மணல்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அதில் நடப்பதையெல்லாம் இளவரசனே கதையாகச் சொல்லிக்கொண்டு போகிறான். ஆடுகிற பிள்ளை தவறி விழுந்து இளவரசன் இறந்துபோனால், "இல்லை, அப்படி நடக்கவில்லை" என்ற பொருள்பட அவன் குரல் கேட்கும். ஆட்டம் பின்னுக்குப் போகும். அவன் யாருக்குக் கதை சொல்கிறான் என்பது கடைசியில்தான் தெரியவரும். இந்திய மகாராஜா ஒருவரின் மகள் ஃபாராவுக்கு, ஒரு மந்திரியின் துரோகம் அவளை நெருங்கும் முன் எச்சரிப்பதற்காகச் சொல்கிறான்.

இது யாருடைய வித்தை? ஷஹ்ராசாதின் வித்தை. விடிந்தால் மரணம் என்ற நிலையில், இரவுதோறும் கதை சொல்லித் தன் உயிரையும் ஊர்ப் பெண்களின் உயிரையும் காத்தவள் அவள். கதையால் ஓர் உயிரைக் காக்கலாம் என்ற அந்தப் பழைய கருத்துத்தான் கம்ப்யூட்டருக்குள் புகுந்திருக்கிறது. 2024இல் அதே நிறுவனம் வெளியிட்ட மற்றொரு விளையாட்டில், காஃப் மலையும், ஃபிர்தௌஸியின் 'ஷாநாமா'விலே நாம் காணும் ஸீமுர்க் பறவையும் வருகின்றன. பாரசீக மொழியிலேயே கேட்டு ஆடவும் வசதி செய்திருக்கிறார்கள்.

'ஆயிரத்தொரு இரவுகள்' முழுவதும் பிள்ளைகளுக்கு ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். அதன் மூலமான பாரசீகக் கதைநூலைப் பத்தாம் நூற்றாண்டிலேயே பார்த்த பாக்தாத் அறிஞர் இப்னு நதீம், அதை நயமற்ற நூல் என்றே கருதினார். ஆகவே நெல்லை எடுத்துப் பதரைத் தள்ளுங்கள். சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் ஸரந்தீபுக்கு வருகிறானே, அந்த ஸரந்தீப் நம் இலங்கைதான். இதைச் சொன்னால் எந்தப் பிள்ளையின் கண் விரியாது?

சகோதரிகளே, உங்கள் தொண்டைமானாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றிச் செல்ல வெட்டுவித்த வாய்க்கால் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று ஊரார் சொல்லிவருகிறார்கள். கலிங்கத்துப்பரணியின் வீரனும் அதே கருணாகரத் தொண்டைமான்தான். நாளை எவரோ ஒருவர் அந்தத் தொண்டைமானைக் கள்வனாக்கி ஒரு விளையாட்டுச் செய்தால், அவ்வூர்ப் பிள்ளை அழுவானா? சிரிப்பான். ஏனென்றால் அவனுடைய அப்பாச்சி சொன்ன கதை முதலில் வந்துவிட்டது. கம்ப்யூட்டரின் கதை பிந்தி வந்தது.

நம் பிள்ளை அழுதது ஏன் என்பது இப்போது புரிகிறதல்லவா? ஜஃபர் என்ற பெயருக்கு அவன் கேட்ட முதல் கதையே அந்த விளையாட்டுத்தான்.

இதற்கு ஒரு காரணமும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அன்று கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீட்டோடு கிதாபுகளும் போயின. சீறாப்புராணமும், 1572இல் இயற்றப்பட்ட ஆயிரம் மசலாவும், 1885இல் கண்டி சித்திலெவ்வை எழுதிய அசன்பே சரித்திரமும் ஏட்டிலும் அச்சிலும் இருந்தவை; தூக்கிக்கொண்டு ஓட முடியாதவை. ஆனால் பெரியம்மாமாரின் நாவில் இருந்த கிஸ்ஸாக்களை யாரும் பறிக்கவில்லை. அவற்றைத் தாய்மார் சொல்லாமல் விட்டால் அது நாமாகவே இழந்த இழப்பு.

ஆகையால், கடிதம் எழுதிய சகோதரியே, இன்றிரவே மகனைப் பக்கத்தில் இருத்திச் சொல்லுங்கள். நபியவர்களின் பெரிய தந்தை அபூதாலிபின் மகன் ஜஃபர் (ரலி) அவர்கள், அபிசீனியாவில் நஜ்ஜாஷி மன்னரின் சபையில் அகதிகளின் சார்பாக எழுந்து நின்றார்கள். மர்யம் சூராவை ஓதிக் காட்டினார்கள், மன்னர் அழுதார், நாடிழந்து வந்தவர்களுக்கு அடைக்கலம் கிடைத்தது. ஹிஜ்ரி 8இல் மூத்தா போரில் கொடியைப் பிடித்த இரு கைகளையும் இழந்து ஷஹீதானார்கள். அந்தக் கைகளுக்குப் பகரமாகச் சுவனத்தில் அவருக்கு இரு சிறகுகள் அருளப்பட்டதை நபியவர்கள் அறிவித்தார்கள். பறக்கும் ஜஃபர்! தாவிக் குதிக்கும் இளவரசன் இவருக்கு முன்னால் எம்மாத்திரம்? அகதிகளுக்காகப் பேசிய அந்தப் பெயர், அகதியாக வளர்ந்த தாயின் பிள்ளைக்கு வாய்த்தது எவ்வளவு பொருத்தம்!

அடுத்த நாள் இமாம் ஜஃபர் ஸாதிக் (ரஹ்) அவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். இமாம் அபூஹனீஃபாவும் இமாம் மாலிக்கும் அவர்களிடம் கல்வி பெற்றவர்கள்.

விளையாட்டை அடியோடு பறிக்க வேண்டாம். தொழுகையும் பாடமும் தவறாமல், நேரம் வரையறுத்து விடுங்கள். அவன் ஆடும்போது ஒருநாள் நீங்களும் அருகில் அமருங்கள். "இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இந்தப் பறவை எந்தக் கிதாபில் இருக்கிறது?" என்று கேளுங்கள். பதிலை இருவருமாகத் தேடுங்கள். யூசுப் நபியின் வரலாற்றை அழகிய வரலாறு என்று அல்லாஹ் தன் திருமறையிலே சிறப்பித்திருக்கும்போது, கதை சொல்வதைச் சிறு வேலை என்று எந்தத் தாயும் எண்ணலாகாது.

நம் பிள்ளைகளின் பெயர்களுக்கு ஏற்ற வாழ்வை அவர்களுக்கு அருள்வானாக, ஆமீன்.